ஜென்யூன் என்றொரு முத்திரை

போன தீபாவளிக்கு ஆன்லைனில், தள்ளுபடியில் ஒரு பர்ஸ் வாங்கினேன். உள்மடிப்பில் தங்க நிற எழுத்தில் 'ஜென்யூன் லெதர்' என்று முத்திரை குத்தியிருந்தது. ஆம்பூருக்குப் போனபோது அம்மாவிடம் காட்டினேன். அம்மா 22 வருடம் ஷூ கம்பெனியில் வேலை செய்தவர். அதில் பாதிக்கு மேல் ஸ்கைவிங் மெஷினில். தைப்பதற்கு முன்னால் தோல் துண்டுகளின் ஓரத்தைச் சீவி மெல்லியதாக்கும் வேலை அது. பர்ஸைக் கையில் வாங்கியவர் எழுத்தைப் படிக்கவில்லை. ஒருமுறை மடித்துப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் நெருடினார்.

"இன்னாடா இது, ஸ்ப்ளிட்டு. மேல பெயின்ட் அடிச்சிக்கிறான்."

"ஜென்யூன் லெதர்னு போட்டிருக்கேம்மா."

"தோலுதான்டா. தோல் இல்லன்னு யாரு சொன்னா?"

நான் ஏமாந்துவிட்டேன் என்று நினைத்தேன். யாரும் ஏமாற்றவில்லை என்றார் அம்மா. யோசித்தால் இரண்டுமே சரிதான். பொய் சொல்லாமலேயே ஒரு சொல் வாங்குகிறவனை ஏமாந்தவனாக உணரவைக்க முடிகிறது. அப்படியென்றால் அந்தச் சொல் உண்மையில் என்ன வேலை பார்க்கிறது? இந்தக் கேள்வி ஊர் திரும்பிய பிறகும் கூடவே வந்தது. நாம் தினமும் நாலு தடவையாவது சொல்லும் சொல் இது. பர்ஸுக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் கவிதைகளுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

*

முதலில் தோலில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மாட்டுத் தோலும் எருமைத் தோலும் கனமானவை. அப்படியே பர்ஸாகவோ ஷூவாகவோ தைக்க முடியாது. அதனால் ஒரு பட்டைக் கத்தி மெஷினில் விட்டு அடுக்கு அடுக்காகப் பிளக்கிறார்கள். ரோமக்கால் இருக்கும் மேல் அடுக்குக்கு கிரெய்ன் என்று பெயர். நார்கள் நெருக்கமாக இருப்பதால் உறுதி அங்கேதான் அதிகம். சதைப்பக்கத்து அடுக்குதான் ஸ்ப்ளிட். அதில் ரோமக்கால் கிடையாது, இழுத்தால் சீக்கிரம் தளரும். அதன்மேல் ஒரு பூச்சு கொடுத்து, சூடான தகட்டை வைத்து அழுத்தினால் ரோமக்கால் போன்ற புள்ளிகள் விழுந்துவிடும். மேல் அடுக்கிலும் தழும்பு அதிகமிருந்தால் தேய்த்துவிட்டு இப்படிச் செய்வதுண்டு. என் பர்ஸில் நான் விரலால் தடவிப் பார்த்து ரசித்த அந்தச் சொரசொரப்பு ஒரு தகட்டின் கைவேலை. அசல் தோலின்மேல் தோலின் நகல்.

இது மோசடி அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 1994-ல் காலணி லேபிளுக்குக் கொண்டுவந்த விதி, தோலின் இயற்கையான நார் அமைப்பு ஏறக்குறைய சிதையாமல் இருந்தால் அது லெதர்தான் என்கிறது. பிளந்த அடுக்குகளையும் அதில் சேர்த்துக்கொள்கிறது. தோலைத் தூளாக்கிப் பசை சேர்த்துத் தகடாக்கினால் மட்டும் அது லெதர் அல்ல. மேல்பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால் 'பூசப்பட்ட லெதர்' என்று தனியாகக் காட்ட வேண்டும். இதையெல்லாம் சொற்களில் எழுதாமல் படத்தாலும் காட்டலாம் என்பது அந்த விதியின் அழகு. விரித்துப் போட்ட தோலின் வடிவம் என்றால் லெதர். அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் பூச்சு உள்ளது. வெறும் சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ பொருள். எங்கள் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாகும் ஷூக்களில் இந்தப் படம் இருக்கும். பெயரடையே இல்லாத ஒரு மொழி.

இன்னொரு பக்கம் யூடியூபில் ஒரு படிவரிசை பிரபலம். ஃபுல் கிரெய்ன் முதல் தரம், டாப் கிரெய்ன் இரண்டாம் தரம், ஜென்யூன் மூன்றாம் தரம், பாண்டட் கடைசி. 'ஜென்யூன் என்று எழுதியிருந்தால் வாங்காதே' என்பது அதன் சாரம். கடையில் நடப்பதற்கு ஓர் எச்சரிக்கையாக இது பயன்படலாம். ஆனால் அப்படியொரு தரம் தொழிலில் கிடையாது. தோலை வாங்குகிறவர்கள் கேட்பது எந்த விலங்கு, என்ன கனம், என்ன ஃபினிஷ், எத்தனை சதுர அடி, எந்த செலக்‌ஷன். செலக்‌ஷன் என்பது உண்ணிக் கடி, முள் கீறல், சூட்டுத் தழும்பு, உரித்தவனின் கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்துப் பிரிப்பது. அம்மாவிடம் கேட்டேன், இத்தனை வருடத்தில் கம்பெனிக்குள் யாராவது ஜென்யூன் என்று சொல்லிக் கேட்டதுண்டா என்று. "சூப்பர்வைசர் சொல்வாரு, 'ஜென்யூன் ரீசன் இருந்தா மட்டும் லீவ் கேளு'ன்னு" என்றார்.

*

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் நம் ஊரில் எங்கே குடியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜென்யூன் ரீசன். ஜென்யூன் பார்ட்டி. ஜென்யூன் ஸ்பேர் பார்ட்ஸ். 'கேஸ் ஜென்யூன்தான், பார்த்துச் செய்ங்க.' 'ஜென்யூன் டவுட்டுங்க, தப்பா எடுத்துக்காதீங்க.' 'ஆளு ரொம்ப ஜென்யூன்.' இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். நியாயமான, நம்பகமான, கம்பெனியின், உண்மையான, சூதில்லாத. அகராதியில் வரிசையாக எழுதிவிடலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. எல்லா இடத்திலும் ஏற்கெனவே ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத் தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டின் 'ரியல்' என்ற சொல்லைப் பற்றி இப்படியொரு கவனிப்பைச் செய்திருக்கிறார். அவர் இறந்தபின் 1962-ல் நூலாக வந்த விரிவுரைகளில் அது இருக்கிறது. பெரும்பாலான பெயரடைகளுக்கு நேர்ப்பொருள் முதலில், எதிர்ப்பொருள் பிறகு. 'ரியல்' அப்படியல்ல. அது எப்படியெல்லாம் இல்லாமல் போகக்கூடும் என்பது தெரிந்தால்தான் அதற்குப் பொருளே பிறக்கிறது. ரியல் வாத்து என்றால் பொம்மை வாத்து அல்ல, அல்லது வேட்டைக்காக மிதக்கவிடும் போலி வாத்து அல்ல. எதை மறுக்கிறோம் என்று தெரியாமல் அந்தச் சொல் ஒன்றும் சொல்வதில்லை. அவர் பாணியில் சொன்னால், இந்த வீட்டில் 'இல்லை'தான் வேட்டி கட்டியிருக்கிறது.

தமிழில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 'உண்மையான தோல்' என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ மொழிபெயர்ப்பு போல ஒலிக்கும். தெருவில் நாம் கேட்பது 'இது லெதரா, ரெக்சினா?' ரெக்சின் என்பது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு செயற்கைத் தோலின் வணிகப் பெயர். இங்கே அது பொதுப்பெயராகி, ஆட்டோ சீட் முதல் ஸ்கூல் பை வரை எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. பெயருக்கு எதிரே இன்னொரு பெயர். ரெக்சின் தன்னை ரெக்சின் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் லெதருக்குப் பெயரடை தேவைப்படவில்லை. பியூ லெதர், வீகன் லெதர் என்று எல்லாமே லெதர் ஆனபிறகுதான் நிஜத் தோலும் ஒரு முத்திரையோடு திரிய வேண்டியிருக்கிறது.

என் தலைமுறைக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது தோல் அல்ல, மைக்ரோசாஃப்ட். இன்ஜினியரிங் ஹாஸ்டலில் பாதி லேப்டாப்களின் திரை ஒருநாள் கறுப்பாகும். வலது மூலையில், இந்த விண்டோஸ் ஜென்யூன் அல்ல என்றொரு வரி. அதன்மேல்தான் சி புரோகிராம் எழுதினோம், ப்ராஜெக்ட் முடித்தோம், வேலையும் வாங்கினோம். அந்த விண்டோஸ் ஒழுங்காகத்தான் ஓடியது. ஜென்யூன் விண்டோஸுக்கும் எங்களுடையதற்கும் நிரலில் பெரிய வித்தியாசமில்லை. எங்கிருந்து வந்தது என்பதில்தான் வித்தியாசம். அதாவது, இந்தச் சொல் கேட்பது 'எப்படி இருக்கிறாய்' என்பதை அல்ல. 'யார் வீட்டுப் பிள்ளை' என்பதை.

*

சொல்லின் வேரும் அதுதான். லத்தீன் 'கெனுயினுஸ்' என்றால் பிறவியிலேயே வந்த, இயல்பான. 'கெனு' என்றால் முழங்கால். பிறந்த குழந்தையைத் தந்தை மடியில் ஏந்தி 'இது என் பிள்ளை' என்று ஏற்றுக்கொள்ளும் வழக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்ற விளக்கமும் உண்டு. தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் 'அசல்' அரபியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு வேர், மூலம் என்று பொருள். எங்கள் ஊரில் உருதுவிலும் தமிழிலும் ஒரே கடையில் புழங்கும் சொல். அதன் ஜோடி நகல், அதுவும் அரபிதான். இன்னொரு ஜோடி வட்டி. அசலும் வட்டியும் என்று கடன்காரன் சொல்லும்போதும் முதலில் வந்தது எது, அதிலிருந்து பிறந்தது எது என்பதுதான் பேச்சு.

பிறப்பைக் கேட்கும் சொல் அரசு அலுவலகத்துக்குள் வந்தால் என்னவாகும்? தமிழ்நாட்டில் அரசு வேலை கிடைத்தவர்களுக்குத் தெரியும்: 'உண்மைத்தன்மைச் சான்று'. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி, ஒவ்வொன்றும் ஜென்யூன்தானா என்று அந்தந்த வாரியத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்கு 'மெய்த்தன்மை'. 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கான ஆய்வுக் குழு நடைமுறையையே வகுத்துக்கொடுத்தது. போலிச் சான்றிதழ் வைத்து இன்னொருவரின் இடத்தைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சோதனை வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல்லோடு வாழ்கிறவர்கள் யார் என்று பாருங்கள். லீவ் கேட்கும் தொழிலாளியின் காய்ச்சல் ஜென்யூனா என்று கேட்கப்படும். உற்பத்தியை நிறுத்திவைக்கும் முதலாளியின் காரணம் ஜென்யூனா என்று கேட்க ஆளில்லை. நான் சேர்ந்த முதல் கம்பெனி என் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. கூடவே சேர்ந்த எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் என் அப்பா மட்டும் ஒவ்வொரு வாரமும் போன் செய்து கேட்டார், "இன்னாப்பா, ஒண்ணும் பிரச்சினை இல்லையே?" அவருக்கு அந்தக் காகிதங்கள் உண்மை என்று தெரியும். உண்மையாக இருப்பது போதும் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

இதே ஊரில்தான் கடைக்காரர் 'ப்யூர் லெதர் சார்' என்பார். ப்யூர்! தோலைத் தொட்டதற்காகவே தலைமுறை தலைமுறையாக மனிதர்களைத் தீட்டு என்று தள்ளிவைத்த ஊர்களில், அவர்கள் தொட்டுச் செய்த பொருளுக்கு ஷோரூமில் கிடைக்கும் பெயர் 'சுத்தம்'. தோல் டேனரியிலிருந்து கடைக்கு வருவதற்குள் சுத்தமாகிவிட்டது. அதே பஸ்ஸில் வந்த மனிதர் ஆகவில்லை. தமிழில் பேசுகிற யாரும் அந்த இடத்தில் 'சுத்தமான தோல்' என்று சொல்லிவிட முடியாது. நாக்கு தடுக்கும். ஆங்கிலப் பெயரடை அந்தத் தடுக்கலைத் தவிர்க்க உதவுகிறது.

*

இப்போது நம் பக்கம் வருகிறேன். நாமும் இந்த முத்திரையை வைத்திருக்கிறோம். 'ஜென்யூனான கவிதை', 'அசலான குரல்', 'அசல் வாழ்க்கை', 'நேர்மையான எழுத்து'. புதிதாக ஒருவர் எழுத வந்ததும் நாம் முதலில் குத்துவது இதைத்தான். குறிப்பாக அவர் எங்களைப் போன்ற ஊரிலிருந்து, எங்களைப் போன்ற வீட்டிலிருந்து வந்திருந்தால். நானும் மதிப்புரைகளில் குத்தியிருக்கிறேன். பாராட்டாகத்தான் சொன்னேன். ஆனால் அந்தப் பாராட்டு சொல்வது என்ன? இந்த எழுத்தின் மூலப்பொருள் சரியான இடத்திலிருந்து வந்திருக்கிறது. அவ்வளவுதான். அதை அவர் என்ன செய்தார், எங்கே அறுத்தார், எதை விட்டார், எத்தனை முறை திருத்தினார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

டி. செல்வராஜின் 'தோல்' நாவல் 2010-ல் வந்தது, 2012-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களையும் அவர்களின் சங்கத்தையும் பற்றியது. தலைப்பில் பெயரடை இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்கின், ஹைட், லெதர் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மனிதனுடையது ஒன்று, விலங்கினுடையது ஒன்று, பதனிட்டது இன்னொன்று. தமிழில் மூன்றும் தோல்தான். சுண்ணாம்புத் தொட்டியில் கிடக்கும் தோலுக்கும் அதைப் புரட்டும் கையின் தோலுக்கும் ஒரே சொல். தலைப்பை வாசித்தபோதே எனக்குள் ஏதோ இழுத்தது அதனால்தான்.

செல்வராஜ் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். திண்டுக்கல்லில் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். பிறப்பைக் கேட்கும் சொல்லை அவர்மேல் வைத்தால் அந்த நாவல் என்ன செலக்‌ஷன்? 'அவர் வாழ்ந்த வாழ்க்கை அல்லவே' என்று ஒருவர் சொல்லலாம். 'ஆனால் தகவலெல்லாம் அசல்' என்று இன்னொருவர் காப்பாற்றலாம். இருவரும் நாவலுக்குள் போகவில்லை. பிறப்பு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பிறப்பை வைத்தே மிதிக்கப்பட்டவர்கள், அந்தப் பிறப்பிலிருந்து எழுதும்போது அதற்கொரு எடை உண்டு. வெளியிலிருந்து பார்த்து எழுதியவற்றில் எத்தனை பூச்சு இருந்தது என்பதும் தெரியும். என் சங்கடம் வேறு. அந்த எடையைச் சொல்லிவிட்டு நாம் நிறுத்திவிடுகிறோம். அவர்களுக்கு அனுபவம், மற்றவர்களுக்குக் கலை என்று பங்கு பிரிந்துவிடுகிறது. எழுத்தைச் செய்தவராக அல்லாமல், எழுத்து உரிக்கப்பட்ட உடலாக அவரைப் பார்க்கத் தொடங்குகிறோம்.

தோல் விஷயத்தில் இது எவ்வளவு தவறு என்பது ஆம்பூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உரித்த நிலையில் இருக்கும் பச்சைத் தோலைவிட ஜென்யூன் எதுவுமில்லை. அதை உப்புப் போடாமல் எங்கள் ஊர் வெயிலில் ஒருநாள் விட்டுப் பாருங்கள். அழுகும். பிறந்தபடியே இருக்கும் தோல் தோலாக நிற்காது. உப்பிட்டு, ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, ரோமம் நீக்கி, சதை சீவி, சுண்ணாம்பைக் கழுவி எடுத்து, அமிலத்தில் பக்குவம் செய்து, குரோம் ஏற்றியபிறகுதான் அது நீலம் பாய்ந்து 'வெட் ப்ளூ' ஆகிறது. அதற்கும் மேலே சாயம், எண்ணெய், ஃபினிஷ். குரோம் வருவதற்கு முன்பு ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் போட்டார்கள்; கிழக்கிந்தியத் தோல் என்று அந்தச் சரக்கு உலகம் போனது. இத்தனையும் செய்வதற்குத் தமிழில் பெயர் பதனிடுதல். பதம் என்பது இங்கே பிறப்பு தருவதல்ல, கை தருவது. தோசை மாவுக்குப் பதம், பாகுக்குப் பதம் என்கிறோமே, அந்தப் பதம். பதத்துக்குச் சொல் என்றும் பொருள் இருப்பது எழுதுகிறவர்களுக்கு வசதியான தற்செயல்.

*

கை தருவதைப் பேசினால் தண்ணீரையும் பேச வேண்டும், முத்திரை அதையும் சொல்வதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கிலோ தோல் பதனிட ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதும் இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்ட தீர்ப்புகளில் ஒன்று அது; சட்டக் கல்லூரி மாணவர்கள் பாலாற்றைப் பார்க்காமலேயே அதைப் படிக்கிறார்கள். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கழிவு மூடியது. 10 பேர் இறந்தார்கள்.

அன்று அந்த ஆலைகளிலிருந்து போன தோல் எல்லாமே ஜென்யூன்தான். அதில் பொய் இல்லை. எந்த விலங்கிலிருந்து வந்தது என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும். எந்த ஆற்றின் வழியாக, யாருடைய தூக்கத்தின் வழியாக வந்தது என்று அந்தச் சொல்லுக்குக் கேட்கத் தெரியாது. அதை அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஒரு சொல் ஒரு சந்தேகத்தைத்தான் தீர்க்கும். நாம்தான் அதைப் பார்த்ததும் எல்லாச் சந்தேகமும் தீர்ந்ததுபோல பர்ஸை மூடிவிடுகிறோம், புத்தகத்தையும் மூடிவிடுகிறோம்.

இனி மதிப்புரை எழுதும்போது 'அசலான' என்று வந்தால் அங்கேயே நின்று, எதைச் சந்தேகப்பட்டேன், அதனால்தானே இதைச் சொல்ல வேண்டியிருந்தது என்று என்னையே கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பதில் கிடைத்தால் அதை எழுதலாம். கிடைக்காவிட்டால், அம்மா செய்ததுபோல ஓரத்தைப் பார்க்க வேண்டும். இந்த வாக்கியம் எங்கே சீவப்பட்டிருக்கிறது, எங்கே மடிகிறது, மடிந்தால் வெடிக்கிறதா.

கிளம்பும்போது அந்தப் பர்ஸை அம்மாவிடமே கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் மறுபடியும் அதை வாங்கி, இந்த முறை உள்பக்கத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் நல்லாக்குதுடா" என்றார். "யாரோ நல்லா தச்சிக்கிறா. வெச்சிக்கோ."